வித்துவான் மீண்டும் மாணவரானபோது

கற்றறிந்த ஒருவர், தாம் கற்றதைப் பிறருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவரா? அல்லது, உழைத்து ஈட்டிய பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை இருப்பதுபோல, உழைத்துப் பெற்ற கலையையும் தம்மோடு வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா? மார்க்கக் கல்வியைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு நம்மிடையே விடை தெளிவாகவே இருக்கிறது. கேட்கப்பட்ட கல்வியை மறைத்தவருக்கு மறுமையில் நேரவிருப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை மத்ரஸாவின் முதல் வகுப்பு மாணவனும் அறிவான். ஆனால் மார்க்கக் கல்வியல்லாத கலைகளும் தொழில்களும் இருக்கின்றனவே! தச்சு இருக்கிறது, நெசவு இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, இசை இருக்கிறது. இவற்றைக் கற்றுத் தேர்ந்தவர்கள் எந்தக் கடனுக்கு உட்பட்டவர்கள்?

இதை வெறும் வாதமாகப் பேசுவதைவிட, ஒரு மனிதரின் வாழ்க்கையை முன்வைத்துப் பேசுவது நன்று. நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா சாகிபு அவர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். தமிழகத்துக் கச்சேரி மேடைகளில் தலைசிறந்து விளங்கிய கலைஞர், அதே அளவுக்குச் சிறந்த ஆசிரியர் என்னும் இரு தகுதிகளும் ஒருவரிடம் கூடிவருவது அரிது. அவரிடம் கூடியிருந்தன.

ஆந்திர நாட்டின் ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி என்னும் சிற்றூரில் 1924-ஆம் ஆண்டு பிறந்தார். தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. ஆந்திரத்தின் அப்பகுதியில் இத்தகைய குடும்பங்கள் பல இருந்தன என்பது நம் வாசகர் பலருக்கு வியப்பாக இருக்கலாம். தந்தையாரிடம் தொடங்கிய பயிற்சி, சிலக்கலூரிப்பேட்டை ஷேக் ஆதம் சாகிபிடம் வளர்ந்தது. பின்னர்த் தமிழகம் வந்து, திருவரங்கத்தில் குடியமர்ந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1998-இல் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. 1999 ஏப்ரலில் மறைந்தார். விருதுகளின் பட்டியல் இதனினும் நீண்டது. ஆனால் என் கட்டுரைக்கு அவை தேவையில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும் என்பதை அறிவேன். இசையே ஆகுமா ஆகாதா என்று உலமாக்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, ஓர் இசைக்கலைஞரை, அதுவும் கோயில் வாயிலில் நாதசுரம் ஊதியவரை, நம் ஏட்டில் எடுத்துக்காட்டாக நிறுத்துவானேன்? கேள்வி நியாயமானதே. இசை பற்றிய கருத்து வேறுபாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ஸமாவுக்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கி, பாட்டையும் ஓசையையும் வகைபிரித்து, சிலவற்றை ஆகுமாக்கி, கருவிகளில் சிலவற்றை விலக்கினார்கள். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம், தடை கூறும் அறிவிப்புகள் உறுதியானவையல்ல என்று வாதிட்டார். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் ஹைத்தமீ அவர்களோ கேளிக்கைகளையும் இசைக்கருவிகளையும் கண்டித்துத் தனி நூலே எழுதினார்கள். திமிஷ்கின் அப்துல் கனீ நாபுலுஸீ அவர்கள் அதற்கு எதிர்த்திசையில் ஒரு நூல் எழுதினார்கள். இத்தனை பெரியோர் எழுதியும் முடியாத வழக்கை ஒரு மாத இதழின் நான்கு பக்கங்களில் நான் முடித்துவைப்பதாக இல்லை. சின்ன மௌலானா அவர்களின் உள்ளத்து நம்பிக்கையோ அவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது. அதை நிறுத்துப் பார்க்க நான் காஜியல்லன். கலையைப் பெறுவதிலும் கொடுப்பதிலும் அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே இங்கு என் பொருள். அவ்வொழுக்கம், இசையை ஏற்பார்க்கும் மறுப்பார்க்கும் ஒன்றுபோல் உரியது.

முதலில் அக்கருவியின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மேல்நாட்டுப் பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து தந்தியைத் தட்டும். அக்கட்டைக்கென அமைந்த ஒலி பிறக்கும். குழந்தை அழுத்தினாலும் மேதை அழுத்தினாலும் அந்தச் சுரத்தின் நிலை மாறாது. (மேதைமை அங்கே வேறிடத்தில், விரலின் எடையிலும் காலத்தின் அளவிலும் இருக்கிறது.) நாதசுரத்தில் இந்த வசதி இல்லை. ஏழு விரல் துளைகள் உண்டு. கீழே மெழுகிட்டு அடைக்கும் துளைகள் சில உண்டு. ஆனால் சுரம் துளையில் மட்டும் இல்லை. சீவாளியை இதழ் பற்றும் இறுக்கம், மூச்சின் வேகம், துளையை விரல் பாதி மூடுகிறதா முழுதும் மூடுகிறதா என்னும் நுட்பம், இவை மூன்றும் சேர்ந்தே சுரம் பிறக்கிறது. கமகம் என்று இசைவாணர் கூறும் அசைவும் அப்படியே பிறப்பதுதான்.

ஆகவே இக்கலையை ஏட்டைப் பார்த்துக் கற்க இயலாது. ஆசிரியரின் எதிரே அமர்ந்து, அவர் ஊதுவதைக் கேட்டு, தாமும் ஊதி, அவர் தலையசைக்கும்வரை மீண்டும் மீண்டும் ஊத வேண்டும். ஒப்பிடுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். கற்கும் முறையை மட்டுமே சொல்கிறேன். தஜ்வீதையும் நாம் இப்படித்தான் கற்கிறோம். மக்ரஜ்களின் விளக்கம் நூல்களில் விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. எனினும் உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டு, அவர் செவியில் ஓதிக்காட்டாமல், 'ளாத்' எழுத்தைச் சரியாக மொழிந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. ஒருவர் வாயிலிருந்து ஒருவர் செவிக்குச் செல்லும் இத்தகைய கல்வியில், நடுவே ஒருவர் கொடுக்க மறுத்தாலும் தொடர் அறுந்துபோகும். நூலில் எழுதிய கல்வியை ஒருவர் மறைத்தால், நூலகத்திலிருந்து மற்றொருவர் எடுத்துக்கொள்ளலாம். மூச்சிலும் நாவிலும் உள்ள கல்விக்கு அந்த வழி இல்லை.

இப்போது சின்ன மௌலானா அவர்களிடம் வருவோம். அவர் ஆந்திரத்தில் தம் குடும்பத்துக் கலையை நன்றாகப் பயின்று தேர்ந்தவர். அத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தாலும் அவருக்கு வாழ்க்கையில் குறையிருந்திராது. ஆனால் காவிரிக்கரையின் நாதசுர மரபு வேறாக இருந்தது. ஒரே இராகத்தை நெடுநேரம் விரித்து, வளர்த்து, அதன் மூலை முடுக்கெல்லாம் ஒளிகாட்டும் முறை அது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதன் சிகரம். அவ்வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்த சின்ன மௌலானா, அதை முறையாகக் கற்பதென்று முடிவுசெய்து, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார்.

இது எளிய செயலன்று. ஒன்றும் அறியாதவன் மாணவனாவதில் வெட்கமில்லை. ஓரளவு அறிந்து, அறிந்ததாக ஊராரும் ஒப்புக்கொண்ட பிறகு, 'எனக்கு இன்னும் தெரியாது. சொல்லித்தாருங்கள்' என்று வேறோர் ஊரில், வேறொரு மொழி பேசுவார் முன்னிலையில் அமர்வது மனத்துக்கு மிகக் கடினமானது. அறிந்த கை தான் அறிந்தபடியே ஓடும். அதை முதலில் மறக்கச் செய்ய வேண்டும். என் அனுபவத்தில், மத்ரஸாவுக்குப் புதிதாக வரும் சிறுவனைவிட, வேறிடத்தில் பாதி ஓதிவிட்டு வருபவனுக்குக் கற்பிப்பதே கடினம். அவனுக்கும் அதுவே கடினம்.

திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் பயணம் கூறப்படுகிறது. அவர்கள் இறைவனோடு உரையாடும் பேறு பெற்ற தூதர். அவர்களே, தம்மிடம் இல்லாத ஓர் அறிவு வேறோர் அடியாரிடம் இருப்பதை அறிந்ததும், இரு கடல்கள் கூடுமிடம் நோக்கி நடந்தார்கள்; களைத்தார்கள்; உணவுக்கென வைத்திருந்த மீனை இழந்தார்கள்; அந்த அடியாரைக் கண்டதும், உங்களைப் பின்தொடர்ந்து கற்கலாமா என்று இசைவு கேட்டார்கள். ஆணையிடவில்லை என்பதை விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டுவார்கள். தகுதி உயர்ந்தவர் கற்பதற்காகத் தாழ்ந்து நிற்பதில் அவருடைய தகுதி குறைவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கற்க வந்தவரின் பணிவை நாம் உடனே புகழ்ந்துவிடுகிறோம். ஆனால் கற்பித்தவர்களை நினைத்துப் பார்த்தோமா? என் சிந்தையை அதிகம் கவர்ந்தது நாச்சியார்கோயில் சகோதரர்களின் செயலே. வந்தவர் அவர்களுடைய குலத்தவரல்லர்; மதத்தவரல்லர்; மொழியும் வேறு. இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்றுண்டு. அவர் அவர்களுடைய தொழிலையே செய்பவர். நாளை அதே மேடைகளில் அதே இராகங்களை வாசிக்கப்போகிறவர். இசைக்கலைஞருக்கு வாசிப்பே வயல். அதன் வரப்பை அயலார்க்குத் திறந்துவிடுவது விளையாட்டன்று. அவர்கள் திறந்துவிட்டார்கள். சின்ன மௌலானாவின் பெயர் இன்று இந்தியா முழுவதும் தெரிகிறது. அவ்விருவர் பெயரை இசையன்பர்கள் மட்டுமே அறிவர். நம் இலக்கிய வரலாற்றிலும் இதையொத்த ஒன்றுண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர் என்பர். சீறாவை நாம் போற்றும்போது கடிகைமுத்துப் புலவரை எத்தனை முறை நினைக்கிறோம்?

கல்வியை மழைக்கு ஒப்பிட்டு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமை ஒன்று புகாரியில் பதிவாகியுள்ளது. மழை மூவகை நிலத்தில் பெய்கிறது. ஒரு நிலம் நீரை உறிஞ்சிப் பயிரை முளைப்பிக்கிறது. ஒரு நிலம் தான் முளைப்பிக்காவிட்டாலும் நீரைத் தேக்கிவைத்துப் பிறருக்கு உதவுகிறது. மூன்றாவது வெறும் கட்டாந்தரை. தேக்குவதும் இல்லை, முளைப்பிப்பதும் இல்லை. கள்ளக்குறிச்சியில் வாழும் எங்களுக்கு இவ்வுவமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. மேற்கே கல்வராயன் மலையில் மழை பெய்கிறது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் சாமை வயல்கள் அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்கின்றன. பாறைகளில் விழுந்தது வழிந்தோடுகிறது. எஞ்சியது ஓடைகளாகச் சேர்ந்து, கோமுகி அணையில் தேங்கி, வாய்க்கால் வழியே கீழ்நாட்டு நெல்லுக்கும் கரும்புக்கும் வந்துசேர்கிறது. மலையில் மேகம் இறங்கினால், இங்கே உழவர் முகம் மலர்கிறது. தாமும் விளைந்து பிறரையும் விளைவித்த நிலம் என்று சின்ன மௌலானாவைச் சொல்லலாம். ஆனால் தாம் பெரிதாகப் பேசப்படாமல் பிறர் குடிக்க நீரைத் தேக்கிவைத்த நிலத்தையும் நாயகம் அவர்கள் பழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை எழுதியதைப் படிப்பவர், 'கொடுப்பதே அறம், மறைப்பதே பாவம். வேறென்ன பேச இருக்கிறது' என்று கருதலாம். அவ்வளவு எளிதாக முடியவில்லை. எங்கள் பக்கத்தின் மரச்சிற்பங்கள் புகழ்பெற்றவை. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்கு அறிமுகமான முதிய சிற்பி ஒருவரிடம் ஒருநாள் இந்தப் பொருளைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் உளியை வைக்காமலே சொன்னார்: "அஜரத்து, நீங்க சொல்றது சரிதான். ஆனா எனக்கு இருக்கிறது இந்தக் கை ஒண்ணுதான். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டா, என் பிள்ளைங்களுக்கு யாரு கூலி குடுப்பாங்க? பத்துப் பேரு செஞ்சா வெலை எறங்கிடாதா?"

நான் சட்டென்று விடை கூறவில்லை. ஏனெனில் அவர் கேட்டது பேராசையின் கேள்வியன்று, வயிற்றின் கேள்வி. 'கல்வி கொடுக்கக் குறையாது' என்பது நாம் மேடையில் முழங்கும் வாசகம். கல்வி குறையாதுதான், கூலி குறையுமே! அரிசிக்கடையில் கல்வியை நிறுத்துக்கொண்டு அரிசி தரமாட்டார்கள். அந்தச் சிற்பியிடம் போய்த் தியாகத்தைப் போதிப்பது, மாதச் சம்பளம் வாங்கும் என்போன்றோர்க்கு எளிது.

தியாகத்துக்கு எடுத்துக்காட்டாக மேல்நாட்டாரில் பியானோ மேதை பிரான்சு லிஸ்டைக் கூறுவார்கள். ஹங்கேரியில் 1811-இல் பிறந்தவர். ஐரோப்பாவையே மயக்கிய அவர், 1847-இல், முப்பத்தைந்தாம் வயதில், காசுக்காகக் கச்சேரி செய்வதை விட்டார். பிற்காலத்தில் வைமார் நகரில் தம்மைத் தேடிவந்த மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். அவருடைய சிறுவயதில் வியன்னாவில் கார்ல் செர்னி அவருக்குக் கட்டணம் பெறாமல் கற்பித்திருந்தார். அந்தச் செர்னி பீத்தோவனின் மாணவர். நம் ஹதீஸ் கலையின் ஸனதுபோல் ஓர் அழகிய தொடர் இது. ஆனால் லிஸ்டு கட்டணத்தை விட்டபோது அவரிடம் புகழும் இருந்தது; பொருளும் இருந்தது. அவர் கொடுத்தது மெய்; கொடுக்க முடிந்த நிலையில் இருந்தார் என்பதும் மெய். எங்கள் சிற்பிக்கு அவரை உரைகல்லாக வைத்தால் அது அநீதியாகும்.

இங்கே நம் ஃபிக்ஹு நூல்கள் எனக்கு வழிகாட்டின. குர்ஆன் ஓதிக்கொடுப்பதற்குக் கூலி வாங்கலாமா என்பது பழைய வழக்கு. ஹனஃபி மத்ஹபின் முற்கால இமாம்கள் கூடாது என்றார்கள். அது வணக்கம், வணக்கத்துக்குக் கூலி ஏது என்பது அவர்கள் கருத்து. பிற்கால அறிஞர்கள் அதை மாற்றி, ஆகும் என்று தீர்ப்பளித்தார்கள். காரணம் என்ன? முற்காலத்தில் ஓதிக்கொடுப்பவர்க்குப் பைத்துல்மாலிலிருந்து மானியம் வந்தது. அது நின்றுபோயிற்று. கூலியும் இல்லையென்றால் ஆசிரியர்கள் பிழைப்பைத் தேடிச் சென்றுவிடுவார்கள்; குர்ஆன் கல்வியே அழிந்துபோகும். இதை அஞ்சியே தீர்ப்பு மாறியது. எத்துணை நுண்ணிய பார்வை! கொடுப்பது ஆசிரியரின் கடன் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பவரை வாழவைப்பது சமுதாயத்தின் கடன், முன்னது பின்னதன்மேல் நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். இமாம் கஸ்ஸாலி அவர்கள் உழவையும் நெசவையும் மருத்துவத்தையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்திருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் ஊரில் அத்தொழில் அற்றுப்போனால் பாவம் கடைசித் தொழிலாளியை மட்டும் சாராது. ஊர் முழுவதையும் சாரும். (இசையை அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று எவரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அறிவேன்.)

ஆகவே, கலையை மறைக்கும் சிற்பியை நோக்கி விரல் நீட்டுமுன், அவர் கற்பிக்கும் நாள்களுக்கு யார் கூலி கொடுத்தோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் மஹல்லாக்களிலேயே பாருங்கள். பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்ப நன்கொடை கேட்டால், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வரை பணம் அனுப்புகிறார்கள். மினாராவின் உயரத்தில் ஊருக்கு ஊர் போட்டியே நடக்கிறது. அதே பள்ளியின் மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதின் சம்பளத்தை ஐந்நூறு ரூபாய் உயர்த்தலாமா என்பதற்கு மூன்று கூட்டம் கூட வேண்டியிருக்கிறது. மரச்சிற்பத்தை வாங்கி வரவேற்பறையில் வைப்பவரும், திருமண வீட்டுக்கு நாதசுரத்தை அழைக்காமல் ஒலிப்பெட்டியில் ஓடவிடுபவரும், 'பழைய கலைகள் அழிகின்றனவே' என்று வருந்துவதில் குறைவைப்பதில்லை.

சின்ன மௌலானாவின் வாழ்க்கையில் இவ்விரு கடன்களும் ஓரளவு நிறைவேறின என்பதே என் கணிப்பு. ஒருபுறம் அவருக்குக் கற்பித்தவர்கள் மறைக்கவில்லை. மறுபுறம், கச்சேரி கேட்ட மக்களும் சபைகளும் அவரை வாழவைத்தார்கள். அந்த வாழ்வை அவர் மேடையோடு முடித்துக்கொள்ளவில்லை. 1982-இல், திருவரங்கத்தில் சாரதா நாதசுர சங்கீத ஆசிரமம் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கச்சேரிக்கு அழைப்பு வந்துகொண்டிருக்கும் கலைஞருக்கு, கற்பிக்கும் ஒவ்வொரு நாளும் வருவாய் இழக்கும் நாள்தான். அதிலும் நாதசுரம் கற்பிப்பவர் வாய்ச்சொல்லால் கற்பிக்க முடியாது. ஒவ்வொரு பிடியையும் தாமே ஊதிக்காட்ட வேண்டும். மேடைக்கென்று சேமித்துவைக்க வேண்டிய மூச்சையே அவர் மாணவர்க்குச் செலவிட்டார்.

அம்மாணவருள் அவருடைய பேரர்கள் காசிமும் பாபுவும் உண்டு. குடும்பத்துக்குள் கலையைக் கொடுப்பது எங்கும் உள்ள வழக்கமே. அதனினும் என்னைக் கவர்வது வேறொன்று. ஷேக் மஹபூப் சுபானி அவர்களும் அவர் துணைவியார் காலீஷாபி மஹபூப் அவர்களும் அவரிடம் பயின்றார்கள். நாதசுரத்தைப் பெண்கள் கையில் காண்பதே அரிது. அதற்கு வேண்டிய மூச்சு பெண்ணுக்கு ஏது என்று பேசிவந்த காலம் ஒன்றிருந்தது. நாச்சியார்கோயிலில் அயலாருக்குத் திறந்த கதவு திருவரங்கத்தில் ஒரு முஸ்லிம் பெண்மணிக்கும் திறந்தது. கணவனும் மனைவியுமாக ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்கும் இவ்விருவருக்கும் 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆசிரியருக்கு அவ்விருது கிடைத்து அப்போது நாற்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மறைந்து ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டுகள்.